பதினேழு வருடம் கழித்து வாசித்த திருத்தம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டிப் பெண்ணும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன், இங்கே அப்பாவின் இடது முழங்காலையும் சமையலறைக் குழாயையும் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார், அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது. முழங்காலுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை அப்பா செய்வதில்லை, செய்ததாக என்னிடம் சொல்கிறார், நீ கேட்டாலும் அப்படித்தான் சொல்வார், நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய், 'சரிம்மா, விடும்மா' என்பாய், பாதியில் குழந்தை அழும், எழுந்து போய்விடுவாய். இதை நான் முழுசாகச் சொல்ல வேண்டும், நீ முழுசாகக் கேட்க வேண்டும். அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்து படி.

போன சனிக்கிழமை நான் செருமல் சாரைப் பழிவாங்கிவிட்டேன். ஆமாம், பழிவாங்கினேன் என்றுதான் எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த அப்பா 'அந்த வார்த்தையெல்லாம் எதுக்கு, வேற எதாவது போடேன்' என்றார், நான்கைந்து வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. செருமல் சார் யாரென்று உனக்கு மறந்திருக்காது. எங்கள் வானொலி நிலையத்தின் மேலாளர். ஒலிவாங்கியைக் கண்டால் தொண்டையை இரண்டு தடவை செருமாமல் அவருக்குப் பேச்சு வராது, அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. அவர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தவள் நான்தான், அந்தக் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நிலையம் இருந்த இடம் உனக்கு நினைவிருக்கும், மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கடைக்காரர் கொடுத்த பழைய பஞ்சையும் ரப்பர் மெத்தையையும் சுவரில் ஒட்டித்தான் ஒலிப்பதிவு அறையே செய்தோம், மழைக்காலத்தில் அந்த அறையில் நனைந்த தலையணை வாசனை அடிக்கும். காலை ஐந்தரைக்கு நான் வணக்கம் சொன்னால்தான் ஊர் அடுப்பைப் பற்றவைக்கும். பேருந்து ஓட்டுநர்கள் என் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துவார்கள், நான் இருபது விநாடி பிந்தினால் அன்றைக்கு முதல் வண்டியும் பிந்தும், சாயங்காலம் யாராவது வந்து சண்டை போடுவார்கள். சாவிக்கொத்து தொலைந்தால் எங்களிடம் வருவார்கள், கன்றுக்குட்டி தொலைந்தால் வருவார்கள், ஒரு தடவை கோபித்துக்கொண்டு போன மாமியாரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒரு மருமகள் வந்தாள், வாசித்தோம், மாமியார் எங்கேயோ ஒரு தேநீர்க் கடையில் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று நான் சொன்னதும் நீயும் உன் கூட்டமும் போட்ட கூச்சல் மாடிவரைக்கும் கேட்கும். பக்கத்து நகரத்தில் ஒரு நிலையம் இருந்தது, அவர்கள் எங்களைவிட நல்ல பாட்டு போடுவார்கள், அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. அதுவும் போய்விட்டது. இப்போது எங்கள் அலைவரிசையைத் திருப்பினால் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு இயந்திரம் பாட்டுப் போடுகிறது, நடுநடுவே ஒரு பெண் சிரிக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. போன மாதம் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, அவள் இன்றைக்கு வெயில் ஜோராக இருக்கிறது நேயர்களே என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் ரேடியோவைத் துணிக்கூடைக்குள் போட்டேன்.

இனி அந்த மரண அறிவித்தல் விஷயம். தினமும் மதியம் ஒன்று பத்துக்கு மரண அறிவித்தல் போகும். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் உண்டு, மேலே இறந்தவர் என்று ஒரு கோடு, கீழே அறிவிப்பவர் என்று ஒரு கோடு. ஃபோனில் தகவல் வாங்குகிறவர் எழுத வேண்டும், பிறகு அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்துச் சரிபார்த்து, சிவப்பு மையில் குறி போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். சிவப்புக் குறி விழுந்த துண்டில் அறிவிப்பாளர் கை வைக்கக் கூடாது, எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும், அது நிலையத்துச் சட்டம். அன்றைக்கு வரவேற்பில் இருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள், ஃபோனை எடுத்தவர் செருமல் சார். பேசியவர் கடைசல் பட்டறைக்காரர். தன் மாமனார் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். இவர் மாமனார் பெயரை அறிவிப்பவர் கோட்டிலும் பட்டறைக்காரர் பெயரை இறந்தவர் கோட்டிலும் எழுதிவிட்டார். திரும்ப அழைக்கவும் இல்லை, அழைத்ததாகச் சிவப்புக் குறியும் தன் சுருக்கொப்பமும் போட்டு என் கையில் கொடுத்தார். நான் வாசித்தேன். நம் வீட்டு ஜன்னலுக்குக் கீல் செய்து கொடுத்த மனிதர் போய்விட்டாரே என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். செத்துப்போன மாமனார், உயிரோடு இருக்கிற மருமகனின் சாவை ஊருக்கு அறிவித்தார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பட்டறைக்காரரின் அக்கா வேன் பிடித்துப் பதினொரு பேரோடு அழுதுகொண்டு வந்திறங்கினார், மாமனார் சாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தம்பியே வந்து கதவைத் திறந்தார், அக்கா அப்படியே வாசலில் மயங்கி விழுந்தார். ஊர் சிரித்தது. யாரும் சிரிக்காத பாதி ஒன்று அதில் உண்டு. உண்மையில் இறந்த அந்தப் பெரியவருக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை, இறந்தது யாருக்கும் தெரியாதே. பட்டறைக்காரர் மனைவிக்கு அவர் அப்பா. என்னைத் தெருவில் கண்டால் அந்தம்மா எதிர்ப்பக்கம் போய்விடுவார், பதினேழு வருடமாக அப்படித்தான், நான் அவரைக் குறை சொன்னதே இல்லை.

அன்று மதியம் ஒன்றரைக்கெல்லாம் ஃபோன் அலற ஆரம்பித்ததும், நான் வாசித்த துண்டுகளைக் குத்திவைக்கிற கம்பியிலிருந்து அதை உருவி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, கை செய்தது. செருமல் சார் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார், கம்பியில் துண்டைத் தேடினார், பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கையெடுத்துக் கும்பிட்டார் கண்ணா, பொய் சொல்லவில்லை. 'மேனேஜரே தப்புப் பண்ணினான்னு முதலாளிகளுக்குத் தெரிஞ்சா நிலையத்தை இழுத்து மூடிடுவாங்கம்மா, பத்தொன்பது பேர் நடுத்தெருவுல நிப்பாங்க, நீங்க தப்பாப் படிச்சிட்டீங்கன்னு இருக்கட்டும், மூணு மாசம் வீட்ல இருங்க, நானே வந்து கூப்பிட்டுக்கறேன், வெளியில சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க' என்றார். பத்தொன்பது பேரில் பாதிப் பேர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். சத்தியம் செய்தேன். ஒன்று மட்டும் கேட்டேன், மறுநாள் திருத்தத்தை நான் வாசிக்கிறேன் என்று. தவறு யார் குரலில் போனதோ அவர் குரலில்தான் திருத்தமும் போக வேண்டும், அதுவும் எங்கள் சட்டம்தான். அதற்கும் ஒப்புக்கொண்டார். மறுநாள் போனால் அறைக் கதவைப் பூட்டி வைத்திருந்தார். திருத்தம் போகவேயில்லை, யார் குரலிலும் போகவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் நிலையத்தையே மூடினார்கள், நேயர்களின் நம்பிக்கை போய்விட்டது என்று காரணம் எழுதினார்கள். அலைவரிசையை வாங்கிய கம்பெனியில் செருமல் சாருக்குப் பெரிய நாற்காலி, கண்ணாடி அறை. அது முன்னாலேயே பேசி முடித்த விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. மூடுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நான் கிடைத்தேன்.

அதற்குப் பிறகு இந்த ஊர் என்னை என்ன பாடு படுத்தியது என்று உனக்குத் தெரியும். காய்கறிக் கடையில் நின்றால் 'அக்கா, நான் உயிரோட இருக்கேனா பாத்துச் சொல்லுங்க' என்பான் ஒருவன். கல்யாண வீட்டில் ஒலிவாங்கி இருக்கிற பக்கம் நான் போனால் 'அந்தம்மா கையில கொடுத்துடாதீங்கப்பா' என்பார்கள். பதினாறு வருடம் இவர்களுடைய தொலைந்த சாவியையும் பிறந்த நாளையும் இரத்தம் வேண்டும் என்பதையும் வாசித்த வாய் இது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன், வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன். துண்டு மட்டும் இரும்பு அலமாரியில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருந்ததால் காட்டவில்லை. நிலையம் மூடிய பிறகு காட்டினால்தான் யார் கேட்பார்கள், எனக்கென்று ஒலிவாங்கியா இருந்தது.

இப்போது ஊருக்குப் பழைய நினைவு என்ற ஜுரம் வந்திருக்கிறது. செருமல் சார் ஓய்வு பெற்றுவிட்டு ஃபோனில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு வாராவாரம் வானொலி நினைவுகள் எழுதுகிறார், பன்னிரண்டாயிரம் பேர் படிக்கிறார்களாம். அதில் போன மாதம், உயிரோடு இருந்தவரைக் கொன்ற அறிவிப்பாளர் என்று தலைப்புப் போட்டு ஒரு கதை எழுதினார். நான் கண்ணாடி போடாமல் வாசித்தேனாம், என்னைக் காப்பாற்ற இவர் எவ்வளவோ போராடினாராம். மருந்துக் கடை அக்கா, அப்பாவின் மாத்திரைக்குப் போனபோது, என் முகத்தைப் பார்க்காமல் ஃபோனை நீட்டினார். நின்றபடியே படித்தேன். அவர் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டபோதுகூட நான் என் வாக்கைக் காப்பாற்றினேன், இனி அந்த வாக்கு என்னைக் கட்டாது என்று அன்றைக்கு அந்த மருந்துக் கடையில் முடிவு செய்தேன். என் வயிற்றெரிச்சல் சும்மா விடாது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், பிறகு வயிற்றெரிச்சலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நூலகத்துப் பொறுப்பாளர் அம்மாள் நகர மண்டபத்தில் வானொலிக்காக ஒரு நாள் விழா வைத்தார், நல்ல பெண்மணி, அவருக்குச் சூது ஒன்றும் தெரியாது. செருமல் சார் தலைமை. அந்த அம்மாள் என்னைப் பழைய பாணியில் ஐந்து நிமிடம் அறிவித்தல்கள் வாசிக்கக் கேட்டார், பட்டறைக்காரரையும் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்காரவைத்து வேடிக்கையாக அறிமுகப்படுத்தப் போவதாகவும் சொன்னார். அப்பா போகவே கூடாது என்றார். நான் சந்தோஷமாக வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். ஒரு வாரம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினேன், கடிகாரம் வைத்துக்கொண்டு. குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஆனால் மூச்சு அப்படியே இருக்கிறது, ஒரு வாக்கியத்துக்கு ஒரே மூச்சு.

மண்டபத்தில் நானூறு பேர் இருக்கும். செருமல் சார் அரை மணி நேரம் பேசினார், நாங்களெல்லாம் ஒரே குடும்பம் என்றார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒலிவாங்கியில் 'இன்னைக்கு யாரையும் கொன்னுடாதீங்கம்மா' என்றார். நானூறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். தொலைந்த சாவி ஒன்று வாசித்தேன், பேருந்து தாமதம் ஒன்று, பிறந்த நாள் வாழ்த்து ஒன்று. கைதட்டினார்கள். நாலாவது தாளை எடுத்தேன். அன்றைக்கு வாசிக்க வேண்டியிருந்த அதே முறையில், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல் வாசித்தேன். திருத்தம். பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை பிற்பகல் ஒன்று பத்துக்கு ஒலிபரப்பான மரண அறிவித்தலில் இறந்தவர் பெயரும் அறிவித்தவர் பெயரும் இடம் மாறியிருந்தன. இறந்தவர் கடைசல் பட்டறை உரிமையாளரின் மாமனார். தொலைபேசியில் தகவலை வாங்கி எழுதியவரும், திரும்ப அழைக்காமலே சரிபார்த்ததாகச் சிவப்பு மையில் குறியிட்டவரும் நிலையத்தின் மேலாளர். அறிவிப்பாளர் எழுதியிருந்ததை எழுதியபடி வாசித்தார். இத்திருத்தத்தை மறுநாள் வாசிக்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தவறுக்கு வருந்துகிறோம். இவ்வளவுதான். பிறகு கைப்பையிலிருந்து துண்டை எடுத்து உயர்த்திப் பிடித்தேன், சிவப்பு இன்னும் மங்கவில்லை.

பட்டறைக்காரர் மெதுவாக எழுந்து மேடைக்கு வந்தார், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், செருமல் சாரிடம், 'அன்னைக்கு ஃபோன்ல பேசினது ஒரு ஆம்பளை சார், நீங்கதானே அது, நீங்க வீட்டுக்கு வந்து அந்தம்மா தப்பாப் படிச்சிட்டாங்கன்னு சொன்னப்போ நம்பினேனே' என்றார். செருமல் சார் ஒலிவாங்கியைப் பிடித்துச் செருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை. பேச்சு வரவில்லை. பிறகு, அதெல்லாம் பழங்கதை, குடும்பத்துக்குள் ஆயிரம் இருக்கும் என்று என்னவோ சொன்னார். நான் விடவில்லை. 'மூணு மாசத்துல வந்து கூப்பிடறேன்னு சொன்னீங்களே சார், நான் இன்னும் ரெடியாத்தான் இருக்கேன்' என்றேன். மண்டபம் மறுபடியும் சிரித்தது, இந்தத் தடவை யாரைப் பார்த்து என்று நீ கேட்க வேண்டியதில்லை. அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமலே திரும்ப வைத்தார். வயசான மனிதர், பாவம் என்று தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. மனசு குளிர்ந்துபோய் நின்றேன். பொன்னாடை போர்த்துவதற்கு முன்னாலேயே பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார், பொன்னாடை மேசையிலேயே கிடந்தது. படியிறங்கும்போது பட்டறைக்காரர் மனைவி என் கையைப் பிடித்து, அந்தத் துண்டின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார், அவருடைய அப்பா பெயர் அதில் இருக்கிறதல்லவா. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே அப்பா, இத்தனை வருஷம் நான் படுக்கிற அறையிலேயே அது இருந்ததா, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கேட்டார். சொல்லியிருந்தால் நீங்கள் அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பீர்கள் என்றேன். நின்றுதான் இருப்பேன் என்றார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, இப்போது பரவாயில்லை, தேநீர் போட்டுக் கொடுக்கிறார்.

இனி உன் விஷயம். மறுநாளே செருமல் சார் அந்தக் கதையைத் தன் பக்கத்திலிருந்து அழித்துவிட்டார். ஆனால் மருந்துக் கடை அக்கா முன்னாலேயே எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கதைக்குக் கீழே முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள், ஒவ்வொன்றாகப் படித்தேன், நாற்பத்தோராவதாக உன் முகம் இருந்தது. தோளில் குட்டிப் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு எடுத்த படம். 'ஹா ஹா, அது எங்க அம்மாதான் சார், வீட்ல இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், சூப்பர் நாட்கள் சார்' என்று எழுதியிருந்தாய். அவர் அதற்கு ஒரு இதயம் போட்டிருந்தார். எந்த வீட்டிலடா சிரித்தோம்? ஒன்பதாம் வகுப்பில், சாவுச் செய்தி மகன் என்று கூப்பிட்டவனை அடித்துவிட்டுச் சட்டை கிழிந்து உதடு வீங்கி வந்தாயே, அந்த வீட்டிலா? 'ஒழுங்காப் பாத்துப் படிச்சிருக்கக் கூடாதாம்மா' என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்லாமல் உன் உதட்டில் மருந்து போட்டேன். இந்த ஊரிலேயே எனக்காகக் கை ஓங்கியது நீ ஒருவன்தான், அதை வைத்துக்கொண்டுதான் பதினேழு வருடம் ஓட்டினேன். உனக்கு உண்மை தெரியாது, சரி, அது என் தவறு. ஆனால் தெரியாதவன் சும்மா இருந்திருக்கலாம், அவரிடம் போய்ச் சிரித்துக் காட்டியிருக்க வேண்டாம். நீ எழுதியது அவர் அழித்ததோடு போய்விட்டது என்று நினைக்காதே. இதோடு துண்டின் நகலை வைத்திருக்கிறேன். உன் அலுவலகத்தாரும் சிநேகிதர்களும் படிக்கிற இடத்தில், உன் பெயரில், நீ எழுது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். மருந்துக் கடை அக்கா தினமும் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நீயும் மருமகளும் குழந்தையும் நீண்ட ஆயுசோடு, குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது என்று மருமகள் சொன்னாள், குழந்தைக்குக் காதை மூடிவிடு. அப்பா கீழே இரண்டு வரி எழுத இடம் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன், உன்னைச் சமாதானப்படுத்தத்தான் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் செய், அப்பா உன்னோடு பேசுவார். பிறகு குழந்தையிடம் கொடு, அவளோடு நான் பேசுவேன், கதை சொல்வேன், அவள் கேட்டால் பாட்டும் பாடுவேன். நீ எழுதி முடிக்கிறவரைக்கும் உன்னோடு பேச மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு, என் நேயர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள், ஒருவராலும் திருப்பிப் பேச முடிந்ததில்லை.

இப்படிக்கு,
எழுதியதை எழுதியபடி வாசித்த
உன் அம்மா